புவியியல் படிக்க ஹைதராபாத்தா? விண்ணப்பிக்கும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்தியாவின் தொலையுணர்வு செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் ஹைதராபாத்துக்குத் தெற்கே ஷாத்நகரில் உள்ள இஸ்ரோ தரை நிலையத்தில் வந்து இறங்குகின்றன. நாகப்பட்டினத்துக்கு சுனாமி ஆபத்து உண்டா என்று கணித்துச் சொல்லும் மையம், கடலே இல்லாத இந்த நகரத்தின் பிரகதி நகரில் இருக்கிறது. சர்வே ஆஃப் இந்தியா தன் ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது உப்பலில்.

இப்படிப்பட்ட ஊரில் வேலை பார்க்கும் ஒருவருக்கு "ஐடி போதும், புவியியல் படிக்கலாமே" என்று தோன்றினால் ஆச்சரியமில்லை. ஆனால் தேட ஆரம்பித்ததும் ஒரு குழப்பம் வரும். இங்குள்ள மத்திய பல்கலைக்கழகமான ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் புவியியல் என்ற பெயரில் துறையே கிடையாது.

அப்போ எங்கே படிப்பது? இந்த ஊரிலேயே இருக்கலாமா, சென்னைக்குத் திரும்பலாமா? இரண்டு வருடத்தையும் சேமிப்பையும் செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஊர் முழுக்க மேப், படிக்க மட்டும் இடம் குறைவு ஏன்?

ஹைதராபாத்தின் பெரிய பெயர்கள் பெரும்பாலும் ஆய்வு நிறுவனங்கள். பாலாநகரில் உள்ள தேசிய தொலையுணர்வு மையம் இஸ்ரோவின் ஓர் அங்கம். 1961-ல் தொடங்கிய தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம். மீனவர்களுக்கு மீன்வளப் பகுதி அறிவுரையும், சுனாமி எச்சரிக்கையும் தரும் இன்காய்ஸ், மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இவை ஆய்வாளர்களை வேலைக்கு எடுக்கும், குறுகிய காலப் பயிற்சியும் புராஜெக்ட்டும் தரும். பிளஸ் டூ முடித்தவரையோ டிகிரி முடித்தவரையோ சேர்த்துக்கொண்டு புவியியல் பட்டம் கொடுப்பது இவற்றின் வேலை இல்லை.

அதனால் "ஹைதராபாத்தில் இஸ்ரோ இருக்கு, அங்கேயே படிச்சா உள்ளே போயிடலாம்" என்பது பாதி உண்மைதான். ஊர் பக்கத்தில் இருப்பது இன்டர்ன்ஷிப் கேட்டுப் போக உதவும். வேலைக்கான விளம்பரத்தில் பார்ப்பது உங்கள் பட்டத்தின் பெயரை.

நான்கு 'ஜியோ', நான்கு பாதைகள்

ஜியாகரஃபி, ஜியாலஜி, ஜியோபிசிக்ஸ், ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ். இந்த நான்கையும் ஒன்றாக நினைத்து விண்ணப்பிப்பவர்கள் நிறைய பேர். உஸ்மானியா பல்கலைக்கழகத்திலேயே முதல் மூன்றும் தனித்தனித் துறைகள்.

ஒரு ஏரியை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். 2024 ஜூலையில் தெலங்கானா அரசு 'ஹைட்ரா' என்ற அமைப்பைத் தொடங்கியது. ஏரி ஆக்கிரமிப்புகளை அது இடிக்க ஆரம்பித்ததும் நகரம் முழுக்க ஒரே கேள்வி: ஏரியின் முழுக் கொள்ளளவு எல்லைக்கோடு எங்கே போகிறது? அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்றால் வீடு நிற்கும், அந்தப் பக்கம் என்றால் நிற்காது.

ஏரிக்கு அடியில் என்ன பாறை இருக்கிறது, எப்படி உருவானது என்று பார்ப்பவர் ஜியாலஜிஸ்ட், அதாவது நிலவியலாளர். பூமியைத் தோண்டாமலே அதிர்வு, காந்தம், மின்சாரம் வழியாக அடியில் இருப்பதை அளப்பது ஜியோபிசிக்ஸ். பழைய வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி, கோட்டைக் கணினியில் வரைவது ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ்.

அந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, வரத்துக் கால்வாயில் வீடு வந்தது எப்போது, அங்கே குடியேறியவர்கள் யார், அடுத்த பெருமழையில் வெள்ளம் யார் வீட்டுக்குள் போகும் என்று சேர்த்துக் கேட்பது புவியியல். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் 2015 சென்னை வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதிதில்லை. 1908 மூசி வெள்ளத்துக்குப் பிறகு உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்களைக் கட்டிய ஹைதராபாத்துக்கும் புதிதில்லை.

இந்த நான்கில் உங்களை இழுப்பது எது? இதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் கல்லூரிப் பட்டியலைத் திறக்கணும்.

ஹைதராபாத்தில் என்னென்ன வழிகள்?

புவியியல்தான் வேண்டும் என்றால்: 1918-ல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம். இந்த ஊரில் புவியியலுக்கென்றே பழைய துறை உள்ள இடம் அதுதான். முதுநிலைச் சேர்க்கை, தெலங்கானாவின் பொது முதுநிலை நுழைவுத் தேர்வான சி.பி.ஜி.இ.டி. வழியாக நடக்கிறது.

கடலும் காலநிலையும் பிடிக்கும் என்றால்: ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் புவி, பெருங்கடல், வளிமண்டல அறிவியல் மையம். ஆனால் இது கணிதமும் இயற்பியலும் அடிப்படையான படிப்பு. மக்கள்தொகை, நகரம், விவசாயம் பற்றிப் படிக்க நினைத்து இங்கே போனால் ஏமாற்றம்தான்.

கணினியும் மேப்பும் போதும் என்றால்: ஜே.என்.டி.யூ. ஹைதராபாத்தில் இடஞ்சார் தகவல் தொழில்நுட்பத்துக்குத் தனி மையம் இருக்கிறது. கச்சிபௌலியில் உள்ள ஐ.ஐ.ஐ.டி.யில் இதே துறைக்கு ஓர் ஆய்வகம் உண்டு, ஆராய்ச்சி விருப்பம் உள்ள இன்ஜினியர்களுக்கு ஏற்றது.

நகரத் திட்டமிடல் என்றால்: மாசாப் டேங்கில் உள்ள ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகம்.

வேலையை விட முடியாது என்றால்: ராஜேந்திரநகரில் உள்ள தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனம், ஊரக வளர்ச்சிக்கான புவிசார் தொழில்நுட்பத்தில் தொலைநிலை முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. ஆனால் டிப்ளமோ ஒரு முதுநிலைப் பட்டத்துக்கு ஈடாகாது.

பட்டத்தின் பெயரில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பின்னாளில் கதவு திறப்பதும் மூடுவதும் இங்கேதான்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான யூ.ஜி.சி. நெட் தேர்வில் புவியியல் ஒரு தனிப் பாடம், குறியீட்டு எண் 80. நிலவியல், பெருங்கடல், வளிமண்டலம் படித்தவர்கள் எழுதுவது சி.எஸ்.ஐ.ஆர். நெட்டின் புவி அறிவியல் தாள். ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் பக்கம் போகும் இன்ஜினியர்களுக்காக கேட் தேர்வில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸ் இன்ஜினியரிங் என்ற தாள் வந்திருக்கிறது. மூன்று தேர்வு, மூன்று பாடத்திட்டம்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் இன்னொரு விஷயம். இளநிலையில் ஒரு பாடம், முதுநிலையில் வேறு பாடம் படித்தவர்களுக்கு வரும் 'கிராஸ் மேஜர்' சிக்கலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ்சி. புவியியல் படித்தால் அந்தச் சிக்கல் உங்களுக்கும் வரலாம். பணி விதியை முதலில் படியுங்கள், பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

யூ.பி.எஸ்.சி.க்காகவா? சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் புவியியலை விருப்பப் பாடமாக எடுக்க அந்தப் பட்டம் தேவையே இல்லை. அதற்காக மட்டும் இரண்டு வருடம் கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே வேலை பார்த்தால் 'லோக்கல்' ஆகிவிடுவோமா?

இல்லை. தெலங்கானாவின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பான்மை இடங்கள் உள்ளூர் மாணவர்களுக்கு. அரசியல் சட்டத்தின் 371டி பிரிவை ஒட்டி வந்த குடியரசுத் தலைவர் ஆணையில் இருந்து வந்த முறை இது. எங்கே படித்தீர்கள், தகுதித் தேர்வுக்கு முந்தைய ஆண்டுகளில் எங்கே இருந்தீர்கள் என்பதை வைத்துத்தான் 'லோக்கல்' முடிவாகும். மூன்று வருடமாக மாதாப்பூரில் வாடகை கட்டுவது கணக்கில் வராது.

எனவே மாநிலப் பல்கலைக்கழகம் என்றால், அந்த ஆண்டின் அறிவிப்பில் பிற மாநிலத்தவருக்கான பத்தியை முதலில் படியுங்கள். மத்திய பல்கலைக்கழகத்தில் இந்தத் தடை இல்லை. அங்கே முதுநிலைச் சேர்க்கைக்கு க்யூட்-பி.ஜி. தேர்வு.

சென்னைக்குத் திரும்பினால்?

புவியியல் என்ற பாடத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் தேர்வு செய்ய இடம் அதிகம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை இருக்கிறது. மாநிலக் கல்லூரியிலும் ராணி மேரி கல்லூரியிலும் இந்தப் பாடம் உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் புவியியலுக்கு ஒரு துறை, தொலையுணர்வுக்கு வேறொரு துறை. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் இன்று பி.இ. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸும் தொலையுணர்வு நிறுவனமும் இருக்கின்றன.

வடக்கே போகத் தயார் என்றால் டெல்லி பல்கலைக்கழகத்தின் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் உள்ள புவியியல் துறையும், ஜே.என்.யூ.வின் வட்டார வளர்ச்சி ஆய்வு மையமும் சமூகம், பொருளாதாரம் பக்கம் சாய்ந்த புவியியலுக்குப் பெயர்பெற்றவை. டேராடூனில் 1966 முதல் இயங்கும் இந்திய தொலையுணர்வு நிறுவனம் தொழில்நுட்பப் பக்கம்.

சென்னையில் படித்துவிட்டு கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு ஹைதராபாத் நிறுவனங்களில் விண்ணப்பிப்பதும் ஒரு வழிதான். இந்த ஊரின் பலனை அனுபவிக்க பட்டத்தையும் இங்கேயே வாங்கணும் என்று கட்டாயமில்லை.

வேலை கிடைக்குமா?

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தரவுக்கான கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே வரைபடம் தயாரிக்கலாம் என்று ஆனது. 2022 டிசம்பரில் தேசிய புவிசார் கொள்கை வந்தது. ஆப்பிள் 2016-லேயே தன் மேப் பணிக்காக ஹைதராபாத்தில் அலுவலகம் திறந்தது. இந்த ஊரின் சயன்ட் நிறுவனமும் வரைபடப் பணிகளில் தொடங்கி வளர்ந்ததுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேப் துறையில் ஆரம்ப நிலை வேலைகள் பலவும் சாலை, கட்டடம், கடைப் பெயர்களைத் திரையில் வரைந்து சரிபார்க்கும் ஒப்பந்த வேலைகள். அதற்கு முதுநிலைப் பட்டம் தேவையில்லை, சம்பளமும் இப்போது நீங்கள் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கலாம். பைத்தான், டேட்டாபேஸ் தெரிந்த ஒருவர் புவியியலும் கற்றுக்கொண்டால் அந்த நிலையைத் தாண்ட முடியும். ஏற்கெனவே டேட்டா வேலையில் இருப்பவருக்கு உள்ள பலம் இதுதான். அதை விட்டுவிட்டு பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்குவதாக நினைக்காதீர்கள்.

துறைக்கு நேரில் போனால் என்ன கேட்பது?

இணையதளத்தில் எல்லாத் துறையும் நன்றாகத்தான் தெரியும். ஒரு நாள் லீவு போட்டு நேரில் போங்கள். இதையெல்லாம் கேளுங்கள்:

1. நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? அவர்களின் ஆய்வுத் துறைகள் என்ன? உங்களுக்குப் பிடித்த பிரிவில் ஒருவர்கூட இல்லையென்றால் அந்த இடம் உங்களுக்கு இல்லை.

2. களப்பணி எத்தனை நாள்? போன வருடம் எங்கே போனார்கள்? இதற்கு உடனே பதில் வரவில்லை என்றால் யோசியுங்கள்.

3. மூன்று வருட ஆய்வறிக்கைத் தலைப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் மாறி ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறதா?

4. ஜி.ஐ.எஸ். லேபில் மாணவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? நிரல் எழுதச் சொல்லித் தருகிறார்களா?

5. வகுப்பு நேரமும் வருகைப்பதிவு விதியும் என்ன? 75 சதவீத வருகை கேட்கும் முழுநேரப் படிப்பை ஷிஃப்ட் வேலையோடு சமாளிப்பது கஷ்டம்.

6. போன வருடம் முடித்த இரண்டு சீனியர்களிடம் பேச முடியுமா? ஆசிரியர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

தொலைநிலைப் படிப்பு என்றால் இன்னொன்று: யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்வி அனுமதி அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது.

ராஜினாமாவுக்கு முன் ஒரு சோதனை

டேராடூன் தொலையுணர்வு நிறுவனம் கட்டணமில்லாத ஆன்லைன் பயிற்சிகளை நடத்துகிறது. கியூஜிஸ் மென்பொருள் இலவசம். 2009-ல் இஸ்ரோ தொடங்கிய புவன் தளத்தில் உங்கள் ஊரின் செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கலாம்.

மூன்று மாதம், வார இறுதிகளில் மட்டும், உங்கள் சொந்த ஊர் ஏரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்படி மாறியது என்று ஒரு மேப் வரையுங்கள். பிறகு ஊருக்குப் போகும்போது அந்தக் கரையில் நடந்து, அங்கே இருக்கும் பெரியவர்களிடம் பேசுங்கள்.

மேப் வரைந்த நேரம் பிடித்திருந்தால் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் பக்கம் போங்கள். கரையில் பேசிய நேரம் பிடித்திருந்தால் புவியியல் துறை உள்ள இடத்தைத் தேடுங்கள், அது உஸ்மானியாவோ சென்னையோ திருச்சியோ. இரண்டுமே அலுப்பாக இருந்தால், மூன்று மாத வார இறுதிகளோடு போயிற்று. இரண்டு வருடமும் சேமிப்பும் மிச்சம்.