நன்செய் மண்ணும் வெடியுப்பும்

குறுக்குத் தெருவின் எண்ணைச் சொல்லி விலாசம் கேட்கும் இன்றைய திருச்சிராப்பள்ளித் தில்லை நகர், மருத்துவமனைகளும் பயிற்சி நிலையங்களும் வந்து நெருங்குவதற்கு முன்னர், உறையூரையும் தென்னூரையும் ஒட்டிக் கிடந்த நன்செய் நிலமாயிருந்தது. முதலாம் இராஜராஜன் காலத்தது என்று கூறப்பெறும் உய்யக்கொண்டான் வாய்க்கால், காவிரித் தண்ணீரைக் கொணர்ந்து ஊட்டிய பிரதேசம் அது. நம் நகர சரித்திரங்களில் கோட்டைக்கும் கோயிலுக்கும் கிடைக்கும் மரியாதை மண்ணுக்குக் கிடைப்பதில்லை.

சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரச் சீமையிலிருந்து கீதாரிகள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் பாசனப் பகுதிக்கு வருவதும், நிலக்காரர்கள் கூலி பேசி வயலில் ஆட்டுக்கிடை போடுவிப்பதும், கொழிஞ்சியையும் சணப்பையும் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவதும் இப்பாசனச் சீமையின் பழைய வழக்கங்கள். இவ்வாறு சேர்ந்த தழைச்சத்து சேற்றில் அடையும் பரிணாமம் விசித்திரமானது. நீர் நின்ற வயலில் பிராணவாயு மேற்பரப்பின் மெல்லிய படலத்தோடு நின்றுவிடுவதால், புழுக்கையும் தழையும் மக்கி உண்டாகும் அம்மோனியா களிமண்ணைப் பற்றிக்கொண்டு வேருக்காகத் தங்கியிருக்கும். மேற்படலத்தில் நைட்ரேட்டாக மாறிய பகுதியோ, கீழே இறங்கியதும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதன் பிராணவாயுவைப் பறித்துக்கொள்ள, வெறும் நைட்ரஜனாகி ஆகாயம் சேரும். சேற்றில் கால் வைத்தால் எழும் குமிழிகளை ஆராய்ந்து, அவற்றில் மீதேனும் நைட்ரஜனும் மிகுந்திருப்பதை, சென்னை மாகாண விவசாய இலாகாவைச் சேர்ந்த ஹாரிஸனும் பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் 1913-இல் வெளியிட்டனர். தழைச்சத்து இப்படி ஆகாயம் சேர்வது குடியானவனுக்கு நஷ்டமே; நைட்ரேட் நிலத்தடி நீரை எட்டாமையால் கிணற்றுக்கு க்ஷேமம்.

ஊர் நத்தத்தின் கதை இதற்கு நேர்மாறு. மாட்டுக் கொட்டிலிலும் பழஞ்சுவரின் அடியிலும், காற்று புகும் மண்ணில், அம்மோனியா நைட்ரேட்டாக மாறி, கோடையில் ஈரம் மேலேறி உலரும்போது வெள்ளையாகப் பூக்கும். அதைச் சுரண்டிப் பிழைத்தவர்கள் உப்பிலியர். சுரண்டிய மண்ணைச் சாம்பலோடு கலந்து, தண்ணீர் வார்த்து வடித்து, சொட்டும் பழுப்பு நீரைக் காய்ச்சினால், கொதிக்கும்போதே சோற்றுப்பு அடியில் படியும். மிஞ்சியது ஆறும்போது ஊசி ஊசியாக வெடியுப்பு விளையும். வெடியுப்போடு சோற்றுப்பும் கிடைத்தமையால், உப்பு வரி வாங்கிய சர்க்காருக்கு இந்தத் தொழிலின்மேல் எப்போதும் ஒரு கண். 1750-களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளிக்காகச் சுட்டுத் தீர்த்த வெடிமருந்தில், ஏறத்தாழ முக்கால் பங்கு, எந்தச் சீமையின் கொட்டிலிலோ பூத்த இத்தகைய உப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். சேனாபதிகளின் பெயரை மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகள் உப்பிலியரைக் கேள்விப்படுவதுகூட இல்லை.

வயல் மனையானபோது, நன்செய் மண் நத்தத்தின் குணத்தை அடைந்தது. தேங்கும் நீர் போய்க் காற்று புகுந்த மண்ணில், மலக்குழியிலிருந்தும் உடைந்த சாக்கடையிலிருந்தும் கசியும் அம்மோனியா தடையின்றி நைட்ரேட்டாகும். களிமண்ணைப் போலவே எதிர்மின்னேற்றம் கொண்டதாகையால் அது மண்ணில் ஒட்டாமல், மழைநீரோடு இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது குடிநீருக்கு நம் நாட்டில் விதித்த வரம்பு. அதை மிஞ்சிய நீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குன்றக்கூடும். காவிரி, கொள்ளிடம் மணற்படுகையிலிருந்து மாநகராட்சி தரும் நீர் இருக்க, ஆழ்குழாய் நீரையே காய்ச்சிக் குடித்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டோ, உப்பிலியர் அடுப்பில் செறிந்ததைப் போலவே, நீர் வற்ற வற்றச் செறியும்.