மின்மடலின் வடிகட்டியும் தமிழெழுத்தும்

மின்மடல் தோன்றிய காலத்தில் அதற்கு வடிகட்டி வேண்டியிருக்கவில்லை. 1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அர்ப்பானெற் வலையமைப்பில் றே ரொம்லின்சன் ஒரு கணனியிலிருந்து மற்றொரு கணனிக்கு மடல் அனுப்பியபோது அதில் எழுத்துக்கள் மாத்திரமே இருந்தன. 1982 இல் மடலின் அமைப்பும் அதனைக் கடத்தும் முறையும் விதிகளாக வரையறுக்கப்பட்ட பின்னரும் நிலைமை மாறவில்லை. ஏழு இரும இலக்கங்களாற் குறிக்கத்தக்க 128 குறிகளே மடலில் இடம்பெறலாம் என்பது விதி. ஆங்கில நெடுங்கணக்கும் எண்களும் நிறுத்தக்குறிகளும் அதனுள் அடங்கிவிடும். இதுவே வெற்றுரை எனப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு அது வெற்றுரைதான். தமிழுக்கோ அங்கு இடமே இல்லை.

இக்குறையை நீக்கியது 1992 இல் நதானியல் போரன்ஸ்ரைன், நெட் பிறீட் ஆகிய இருவரும் வகுத்த 'மைம்' என்னும் ஏற்பாடாகும். அவ்வாண்டு மார்ச் 11 ஆந் திகதி போரன்ஸ்ரைன் தமது பாடற்குழுவின் படத்தையும் பாட்டையும் மடலோடு இணைத்து அனுப்பினார். இச்செய்தி பலராலும் எடுத்துச் சொல்லப்படுவது. ஆனால், மடலின் ஒவ்வொரு பகுதியும் தான் எவ்வகையினது, எந்த எழுத்துக்குறிமுறையில் அமைந்தது என்பதை அறிவிக்கவும் அதே ஏற்பாடே வழிசெய்தது என்பது அத்துணை பேசப்படுவதில்லை. படமும் பாட்டும் பிறமொழிகளும் ஒரே வாயிலால் மடலுக்குள் நுழைந்தன.

அவ்வாயிலாலேயே வேண்டாதனவும் நுழைந்தன. வண்ணமும் எழுத்துருவும் கொண்ட அலங்கார மடல்கள் பெருகின. ஒரே செய்தி வெற்றுரையாகவும் அலங்கார வடிவிலும் இருமுறை அனுப்பப்பட்டது. இணைப்புகளோ மடலிற் செல்வதற்காக மாற்றிக் குறிக்கப்படுகையில் மூன்றிலொரு பங்கு பருத்துவிடும். ஒரு மெகாபைற் படத்தை நொடிக்கு 28,800 இரும இலக்கங்கள் செல்லும் தொலைபேசி இணைப்பிற் பெறுவதற்கு ஏறத்தாழ ஆறரை நிமிடம் பிடிக்கும். ஒரு மடல் நூற்றுக்கணக்கானோருக்குச் செல்லும் குழுக்களில் அத்தனை பேரும் அச்செலவைச் சுமந்தனர். 1999 மார்ச்சில் 'மெலிசா' நச்சுநிரல் ஓர் ஆவணத்தினுள் மறைந்து, திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. 2000 மே மாதத்திற் பரவிய காதற்கடித நச்சுநிரல் இன்னும் தந்திரமானது. அது தன் பெயரிலேயே வெற்றுரைக் கோப்பு என்னும் வேடத்தைப் புனைந்திருந்தது.

எனவே வடிகட்டிகள் தோன்றியதில் வியப்பில்லை. 2002 டிசெம்பர் இறுதியில் வெளியான மெயில்மான் 2.1 செயலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். விலக்கப்பட்ட வகை இணைப்புகளை அது முதலில் நீக்கும். இருவடிவ மடலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். அலங்கார வடிவத்தை வெற்றுரையாக்கும். எஞ்சுவது ஒன்றுமில்லையெனின், குழுவின் பொறுப்பாளர் வகுத்தபடி அம்மடல் தள்ளப்படவும் கூடும்.

வெற்றுரை எஞ்சினாற் பொருள் எஞ்சும் என்பதே இதன் அடிப்படை எடுகோள். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். ஈழத்தில் பெருவழக்கிலிருந்த பாமினி எழுத்துருவை எண்ணிப் பார்க்க. அதில் 'தமிழ்' என எழுதினால் கணனி சேமிப்பது ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது, அலங்காரத்தோடு அலங்காரமாகக் குறிக்கப்பட்ட எழுத்துருவின் பெயர். வடிகட்டி அப்பெயரை அகற்றியதும் படிப்போர் கண்டது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. ஆங்கில மடலில் ஒப்பனையாக இருந்தது தமிழ் மடலில் உயிராக இருந்தது. வடிகட்டியை அமைத்தோர் தமிழை வெறுத்தவர் அல்லர். அவர் கண்முன் இருந்தது ஆங்கில மடல். எனினும் விளைவு ஒன்றே.

இவ்விடர் தீர்ந்தது வடிகட்டி திருந்தியதனால் அன்று. 1991 இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000 முதலியன அதனை ஏற்ற பின்னர் அது மெல்லப் பரவியது. ஒருங்குறியில் தமிழெழுத்துக்களைக் குறிப்பதற்கெனத் தனிக் குறியெண்கள் உண்டு. அலங்காரம் முழுவதையும் களைந்தாலும், குறிமுறையை அறிவிக்கும் தலைப்பு வரி எஞ்சும்வரை, தமிழ் தமிழாகவே நிற்கும்.

பழைய மடல்களின் கதி ஒரு தன்மைத்தன்று. பாமினியில் எழுதப்பட்டு எழுத்துருப் பெயரை இழந்தவற்றை, எழுத்துரு இன்னதென அறிந்தால் இன்றும் மாற்றிப் படிக்கலாம். எட்டு இரும இலக்கங்களைக் கொண்ட 'திஸ்கி' போன்ற குறிமுறைகளில் எழுதப்பட்டு, வழியில் எட்டாவது இலக்கம் துண்டிக்கப்பட்டவற்றில் தமிழெழுத்தின் எண்ணும் ஆங்கில எழுத்தின் எண்ணும் ஒன்றாகிவிட்டன. அவற்றை எந்த மாற்றியும் முழுமையாக மீட்டுத் தராது.