மூன்றாவது தட்டு

கோயம்புத்தூரின் தொழில் வரலாறு என்று நம் கையில் இருப்பவை இரண்டு கதையாடல்கள். ஒன்று, முன்னோடிகளின் கதை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில், 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம், 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மின்மோட்டார் என்று மேதைகளின் பெயர்வரிசையாக அது நகரும். மற்றது, தொழிலாளர் இயக்கம் எழுதிய எதிர்வரலாறு. 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வர் அதன் மையம். முதலாவதைக் கேள்விக்குட்படுத்த இரண்டாவது தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் சண்டையே இல்லை. வரலாறு நடக்கும் இடம் ஆலை என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

கணபதி, ஆவாரம்பாளையம் சந்துகளில் வீட்டு முன்கூரையில் ஒற்றை லேத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறவர் இந்த இரண்டு கதைகளிலும் இல்லை. மெஷின் அவருடையது, ஆகவே முதலாளி. இரும்பு அவருடையதல்ல, டிராயிங்கும் அவருடையதல்ல. கம்பெனி கொடுத்தனுப்பும் ராடைக் கடைசல் பிடித்துப் பீஸுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார், ஆகவே கூலி. ஊரில் இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர்.

இதில் என்ன வரலாறு இருக்குங்கிறீர்களா? அவர் செய்கிற வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பம்பு ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குக்குள் நிற்க வேண்டும். தலைமயிரின் தடிமனே இதைப்போலப் பல மடங்கு. அவரிடம் இருப்பதோ பழைய பெல்ட் லேத்து. சக்குப் பக்கம் பெட் தேய்ந்திருப்பதால் தண்டு ஒரு முனையில் பருத்து மறுமுனையில் சிறுக்கும். திருகின் மரையில் ஆட்டம் இருப்பதால் டயல் நகர்ந்தாலும் உளி நகராது. ஆகவே அவர் எப்போதும் ஒரே திசையிலிருந்துதான் அளவுக்கு வருவார். தாண்டிவிட்டால் முழுச்சுற்று பின்னால் போய்த் திரும்ப வருவார். அளவு நெருங்கியதும் ஆழம் கூட்டாமல் உளியை இன்னொரு தரம் ஓட்டுவார். ஆறவிட்டுத்தான் மைக்ரோமீட்டர் வைப்பார். 25 மி.மீ. இரும்புத் தண்டு 40 டிகிரி சூடேறினாலே நூறில் ஒரு பங்கு பருத்துவிடும். "மெசினு பொய் சொல்லுமுங்க, டயலு அதவிடப் பொய் சொல்லும். எது எவ்வளவு சொல்லுதுன்னு தெரிஞ்சுட்டாச் செரி" என்றார் ஒருவர் என்னிடம். இந்த அறிவு எந்தப் பாடநூலிலும் அவருக்குக் கிடைத்ததல்ல.

துல்லியத்தின் வரலாறே இப்படித்தான் தொடங்குகிறது. துல்லியமான முதல் எந்திரத்தைத் துல்லியமற்ற கருவிகளால்தானே செய்திருக்க முடியும்? சமதளம் ஒன்றை உண்டாக்கப் பட்டறைகள் கண்ட வழி மூன்று தட்டுகள். இரண்டை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் கச்சிதமாகப் பொருந்திவிடலாம். பொருத்தம் சமதளத்துக்குச் சான்றல்ல. மூன்றாவதையும் சேர்த்து, மாற்றி மாற்றி மை பூசிப் பார்த்து, மை ஒட்டும் மேடுகளைச் சுரண்டினால்தான் மூன்றும் சமமாகும். லண்டனில் மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் சமதளங்கள் குறித்துப் பேசியபோது, தேய்ப்பதை விட்டுச் சுரண்டுவதையே வலியுறுத்தினார்.

நம் இரண்டு கதையாடல்களும் குவிந்த தட்டும் குழிந்த தட்டும் போலப் பொருந்தியிருக்கின்றன என்பதே என் வாதம். வீட்டு லேத்தை மூன்றாவது தட்டாக வைத்தால் மேடுகள் தெரிகின்றன. முன்னோடியின் மேதைமைக்குப் பின்னால் பெயரற்ற கடைசல்காரர்கள் பலர் நிற்கிறார்கள். தொழிற்சங்கத்தின் 'தொழிலாளி' என்பவர் மஸ்டர் ரோலில் பெயருள்ள ஆலை ஆணாக இருக்கிறார். 1948-ன் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று ஏற்றது. முன்கூரை அந்தக் கணக்கில் வரவில்லை.

மூன்றாவது தட்டும் சுரண்டலுக்கு விலக்கல்ல. ஷரத் சாரி 2004-ல் திருப்பூர் பின்னலாடைத் தொழில் குறித்து வெளியிட்ட நூலில், கவுண்டர் முதலாளிகள் தம் எழுச்சியை உழைப்பு என்ற சொல்லால் விளக்கிக்கொள்வதை ஆராய்ந்தார். கோவை லேத்துக்காரரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார். அருகில் மனைவி அரம் பிடித்துப் பிசிறு எடுக்கிறார், பீஸ்களை எண்ணிச் சாக்கில் கட்டுகிறார். அது 'கூடமாட ஒத்தாசை'. பில்லில் அதற்கு வரியில்லை. உழைப்பு என்ற சொல் யாருடைய உழைப்பை மறைக்கிறது என்று இங்கேயும் கேட்டாக வேண்டும்.

2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. 2023 செப்டம்பர் 25 அன்று தமிழகம் முழுக்கச் சிறு, குறு தொழிற்கூடங்கள் கதவடைத்தன. கேட்டது கூலி உயர்வல்ல. மெஷின் ஓடாத நாளுக்கும் கட்ட வேண்டியிருந்த நிலைக்கட்டணத்தைக் குறைக்கச் சொன்னார்கள். இதை முதலாளிகளின் கதவடைப்பு என்பதா, உழைப்பவர்களின் வேலைநிறுத்தம் என்பதா? நம் சொல்லகராதி இங்கே தடுமாறுகிறது.

ஜாப் ஒர்க் நோட்டுகள், டெலிவரி சலான்கள், கரண்ட் பில்கள், பிசிறெடுத்த பெண்களின் வாய்மொழி என்று ஆவணங்கள் வீடுகளில் கிடக்கின்றன. லேத்தை விற்றுவிட்டுப் போகிறவர்கள் நோட்டையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கோவைப் பகுதி நண்பர்கள் தங்கள் தெருவிலிருந்து தொடங்கலாம்.