மதகுக்கு மூடியாகக் கிடந்த கல்

1911 இல் காலியில் ஒரு மதகை மூடியிருந்த கல்லைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க எழுத்து. சீனம், தமிழ், பாரசீகம். அதுவரைக்கும் ஆக்களும் வண்டில்களும் அதற்கு மேலால்தான் போய் வந்திருக்கினம். இப்ப அது கொழும்பு தேசிய நூதனசாலையில் நிக்குது. பாடசாலைச் சுற்றுலா போன எங்களில் பலர் அதைக் கடந்து போயிருப்போம். "சீனக் கல்வெட்டு" என்று கொப்பியில் ஒரு வரி எழுதினதோட என்ர வேலையும் முடிஞ்சுது.

மிங் பேரரசர் யொங்லேயின் பேரில் கப்பற்படைத் தளபதி செங் ஹே கொண்டு வந்த கல் அது. அதில் உள்ள திகதி 1409 பெப்ரவரி. சீனாவிலேயே வெட்டி, கப்பலில் ஏற்றி இங்க கொண்டு வந்தார்கள் என்பதுதான் ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அப்படியென்றால் யோசிச்சுப் பாருங்கோ: பாய் விரிக்க முதலே, போய் இறங்கிற இடத்தில் ஆரோட, எந்த மொழியில் கதைக்கிறது என்று தீர்மானிச்சாச்சு. 1407 இல் யொங்லே பிறமொழிகளுக்கென்றே ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் அமைத்திருந்தார். பாரசீகத்துக்கு அங்க தனிப் பிரிவு இருந்தது. தமிழும் சீனத் துறைமுகங்களுக்குப் புதிசில்லை. சுவான்சோவில் சிவன் கோயில் ஒன்றுக்காக 1281 இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு.

மூன்று மொழி என்றவுடன் எங்களுக்கு ஞாபகம் வாறது எங்கட அரசாங்கப் பெயர்ப்பலகைகள்தான். ஒரே விசயம், மூன்று தரம், அதில் தமிழில் மட்டும் எழுத்துப்பிழை. இந்தக் கல் அப்படியில்லை. சீனப் பகுதி புத்தருக்கு நன்றி சொல்லுது. தமிழ்ப் பகுதியில் புத்தரே இல்லை. அங்க காணிக்கை தெனவரை நாயனாருக்கு, அதாவது தேவந்துறையில் கோயில் கொண்டிருந்த விஷ்ணுவுக்கு. நல்லாத் தேய்ஞ்சு போன பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுது. ஆனால் காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 1000 பொன், 5000 வெள்ளி, பட்டுகள், வாசனை எண்ணெய், விளக்குகள் என்று போகுது. ஒரு சாமிக்குக் கூட, இன்னொன்றுக்குக் குறைய என்ற கதையே இல்லை.

எனக்கு இந்தக் கல்லில் பிடிச்ச இடம் இதுதான். எழுதினவர்கள் சொல்லை மொழிபெயர்க்கேல்லை, ஆளை மாற்றியிருக்கிறார்கள். தமிழ் வாசிக்கிற வியாபாரி எந்தச் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கப்பல் ஏறுவான் என்று தெரிஞ்சு எழுதின எழுத்து. செங் ஹே பிறந்தது யுன்னானில், ஒரு முஸ்லிம் குடும்பத்தில். அவருக்கு இது விளங்காமல் இருந்திருக்காது.

சரி, தெற்குக் கரையில் தமிழ் ஏன்? இதை வைச்சு "காலியும் எங்கட இடம்" என்று முகநூலில் சண்டை பிடிக்கிறவையும் இருக்கினம். அது தேவையில்லாத வேலை. நயினாதீவுக்குப் போனால் இதற்கு ஒரு பதில் இருக்கு. 12 ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு அங்க தமிழில் ஒரு கல்வெட்டு வைச்சிருக்கிறான். யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு சொந்தக்காரனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. பரதேசி வியாபாரிகளுக்கான சட்டத்தைச் சிங்கள அரசன் தமிழில் எழுதினான், ஏனென்றால் துறைமுகத்தில் ஓடின மொழி அது. இன்றைக்குக் கொம்பனிகள் ஒப்பந்தத்தை இங்கிலிஷில் எழுதுகிற மாதிரி.

காலிக் கல்லில் இல்லாத மொழி சிங்களம். புத்தருக்கான காணிக்கை இருக்கு, ஆனால் அது சீனத்தில். இங்கத்தைப் பௌத்தர்களில் எத்தினை பேர் அதை வாசிச்சிருப்பினம்? வியாபாரிகளுக்கு மூன்றில் ஒன்றாவது விளங்கியிருக்கும். ஊரை ஆண்டவனின் மொழிக்கு அதில் இடம் வைக்கேல்லை. 1411 இல் அதே செங் ஹேயின் படை அழகேஸ்வரனைத் தோற்கடித்துச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டு போனது. பேரரசர் பிறகு அவனை விடுவித்தார். கல்லில் சிங்களம் இல்லாததாலதான் சண்டை வந்தது என்று நான் சொல்ல வரேல்லை. ஆனால் அந்தப் பவ்வியமான எழுத்தும் அந்தப் படையும் ஒரே கப்பல்களில்தான் வந்தன.

இதோட சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆள் மா ஹுவான். 1413 இல் புறப்பட்ட பயணத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர், பிறகு கண்டதையெல்லாம் புத்தகமாக எழுதினார். கோழிக்கோட்டில் சீனரும் அரசனின் ஆக்களும் செட்டிகளும் இருந்து விலை பேசுகிறதை விபரமாகச் சொல்கிறார். ஒவ்வொரு சரக்காகப் பேசி முடிக்க மாதக்கணக்கில் செல்லும். கடைசியில் எல்லாரும் கையைக் கோத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆரும் பேச்சு மாறக் கூடாது. கணக்கப்பிள்ளைகள் மணிச்சட்டம் இல்லாமல் கைவிரல், கால்விரலை வைச்சே கணக்குப் பிழைக்காமல் போடுகிறதைப் பார்த்து மனுசன் அதிசயப்பட்டிருக்கிறார். "செட்டி" என்ற சொல்லைச் சீன எழுத்தில் அப்படியே எழுதியும் வைச்சார். அதற்குச் சீனத்தில் வேற சொல் தேடேல்லை.

தேவந்துறைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588 இல் இடித்தார்கள். அந்த நாயனாருக்கு வந்த பொன்னும் பட்டும் இப்ப நூதனசாலைக் கல்லில் பட்டியலாக மட்டும் இருக்கு, சில இடங்களில் எழுத்துத் தேய்ந்து.