கோபுலுவின் கோடு

தமிழ்நாட்டின் நவீன ஓவிய வரலாற்றை எழுத முனைகிறவர்கள் ராய் சௌத்ரியில் தொடங்கி, பணிக்கர் வழியாக 1966இன் சோழமண்டலத்துக்கு வந்து நின்றுகொள்கிறார்கள். அதே ஆண்டுகளில் வாராவாரம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த கோடுகளுக்கு அதில் இடமில்லை. 'பத்திரிகைச் சித்திரக்காரர்' என்ற ஒரு சொல்லோடு விஷயம் தீர்ந்துபோகிறது. வணிகப் பத்திரிகையோடு சிறுபத்திரிகைக்கு உள்ள சண்டை நியாயமானதுதான். ஆனால் பார்க்காமலே நிராகரிப்பது விமர்சனமாகாது.

எஸ். கோபாலன் 1924இல் தஞ்சாவூரில் பிறந்தவர். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். 'கோபுலு' ஆனந்த விகடனின் மாலி சூட்டிய பெயர். மாலி ஒரு மனிதரை நாலைந்து கோடுகளில் பிடித்துவிடுவார். அந்த மனிதர் உட்கார்ந்திருக்கும் திண்ணை, அவர் பின்னால் உள்ள தூண், அப்பால் தெரியும் தெரு ஆகியவற்றையும் சேர்த்துப் பிடித்தவர் கோபுலு. குருவிடமிருந்து சிஷ்யர் விலகிய இடம் இது.

இந்தக் கோட்டுக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அன்று பத்திரிகைப் படங்கள் பெரும்பாலும் துத்தநாகத் தகட்டை அமிலத்தில் அரித்துச் செய்த 'லைன் பிளாக்'கில்தான் அச்சாயின. கறுப்பு, வெள்ளை இரண்டுதான், இடைச்சாயல் கிடையாது. மட்டக் காகிதத்தில் கோடுகள் நெருங்கினால் மை அப்பிக்கொள்ளும். ஆக, எதை வரையாமல் விடுவது என்பதை ஓவியன் முதலில் தீர்மானித்தாக வேண்டும். கோபுலு இந்த நெருக்கடியையே தன் பாணியாக்கிக்கொண்டார்.

தொடர்கதைப் படங்களைப் பற்றிய ஆட்சேபம் தெரிந்ததுதான்: வாசகனின் கற்பனைக்கு உரிய இடத்தைச் சித்திரக்காரன் பிடித்துக்கொள்கிறான். இது உண்மை. நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்துப் பழைய பேப்பர் கடையில், யாரோ பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த 'தில்லானா மோகனாம்பாள்' எனக்கு எடைக்குக் கிடைத்தது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதிய அந்தக் கதையைப் படங்களை மறைத்துக்கொண்டு படிக்க முயன்றேன். முடியவில்லை. 1968இல் வந்த சினிமாவின் முகங்களைக்கூட விலக்க முடிகிறது. இந்தக் கோடுகளை விலக்க முடியவில்லை. சாவியின் 'வாஷிங்டனில் திருமண'த்திலும் இதே நிலைமை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணத்தை அமெரிக்காவில் நடத்தும் வேடிக்கை, இரண்டு ஊர்களும் கண்முன் நின்றால்தான் செல்லும். அதில் பாதிப் பளுவைச் சித்திரம் சுமந்தது.

அப்படியானால் அவர் எழுத்துக்கு ஊழியம் செய்தவர் மட்டும்தானா? இல்லை என்பதற்குச் சாட்சி, அவருடைய வார்த்தையில்லாத நகைச்சுவைப் படங்கள். கதாசிரியன் இல்லை, கீழே வசனம் இல்லை. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே நடந்ததைப் பார்ப்பவனே நிரப்பிக்கொள்ள வேண்டும். தொடர்கதைப் படத்தில் வாசகனிடமிருந்து எடுத்துக்கொண்ட இடத்தை இங்கே அவர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். சொல்லாமல் விடுவதைப் பற்றி நம் புதுக்கவிதைக்காரர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். அதே காரியத்தை இவர் எந்தப் பிரகடனமும் இல்லாமல், ஜோக்குப் பக்கத்தில் செய்தார்.

1963இல் விகடனை விட்டு எஃபிஷியன்ட் பப்ளிகேஷன்ஸ் என்ற விளம்பர நிறுவனத்துக்குப் போனார். 1972இல் 'அட் வேவ்' என்று சொந்தமாகவே தொடங்கினார். தொழில் வாழ்க்கையாகப் பார்த்தால் இது ஏற்றம். ஆனால் விளம்பரத்தில் ஓவியன் கையெழுத்துப் போடுவதில்லை. பெயரைச் சொன்னாலே அடையாளம் தெரிந்த கோடு, பெயரில்லாமல் சரக்கு விற்கப் போயிற்று. இழப்பு இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. அவர் பத்திரிகையில் வரைந்த காலத்தில் அல்ல.

பிழைப்பு என்றால் சோழமண்டல ஓவியர்களும் பாத்திக் துணி விற்றுத்தான் நிலைத்தார்கள். சிறுபத்திரிகைகளுக்கு வரைந்த ஆதிமூலம், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்காக ஜூனியர் விகடனிலும் வரைந்தார். இவர்களிடம் பிழைப்பையும் கலையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நமக்குக் கோபுலுவிடம் மட்டும் அது முடியாமற்போவானேன்?

பக்கவாதத்தால் வலது கை ஓய்ந்தபோது இடது கையால் வரையப் பழகியவர் அவர். 2015இல் காலமானார். சந்தைக்காக மட்டும் வரைந்த கை அப்படி இன்னொரு கையைத் தேடியிராது.