எண்ணும் உண்மையும்

கி.பி. 1377இல் இப்னு கல்தூன் யாத்த ‘முகத்திமா’, வரலாற்றாசிரியர்தம் பிழைகளை ஆராய்ந்தே தொடங்குகிறது. மூஸா நபி (அலை) அவர்களின் படையினர் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என மஸ்ஊதி முதலியோர் எழுதினர். அத்துணைப் பெரும்படையை எக்களம் தாங்கும்? நான்கே தலைமுறையில் ஒரு குடும்பம் அவ்வளவு பெருகுமா? என வினவினார் இப்னு கல்தூன். அறிவிப்பாளரின் நேர்மையை ஆராயுமுன், செய்தி நிகழக்கூடியதா என நோக்குக என்பது அவர் வகுத்த நெறி.

இன்றைய சமூக ஆய்வாளர் நம்பகம், ஏற்புடைமை என இரண்டாகப் பிரிப்பதை நாம் இதனோடு ஒப்பிடலாம். பலமுறை அளந்தும் ஒரே விடை வருவது முன்னது. அளக்க எண்ணியதையே அளப்பது பின்னது.

1936இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைச்சீட்டுகளைத் திரட்டி, லாண்டன் வெல்வார் என்றது. வென்றவரோ ரூஸ்வெல்ட். வசதி படைத்தோர் மிகுந்த பட்டியல்களும், விரும்பியோரே விடையளித்தமையும் பிழைக்கு வித்தாயின. எண் பெருகுவதால் மட்டும் உண்மை பெருகுவதில்லை. அளவுகோலை முதலில் அளப்போமாக!