ரொட்டி மாவும் கள்ளும்: ஒரு பழைய பாக்கி



போன வாரம் நான் போட்ட பன் படத்துக்குக் கீழே வந்த கேள்விகளையெல்லாம் பார்த்தேன். "டீச்சர், ஈஸ்ட் எங்கே வாங்குனீங்க?" "அத்தை, எனக்கு மட்டும் ஏன் கல்லு மாதிரி வருது?" முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கால் கிலோ மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் உலர்ந்த ஈஸ்ட் போதும். பால் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும். கல்லு மாதிரி வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பத்து நிமிஷம் நன்றாகப் பிசைந்து, இரண்டு மடங்காக உப்பும்வரை மூடி வைத்து, உருட்டி, மறுபடியும் உப்பவிட்டு, 190 டிகிரியில் இருபது நிமிஷம் வைத்தால் பன் தயார். என் முதல் பன்னை வீட்டு நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதனால் பயப்படாதீர்கள்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். பன் செய்யப் பழகிய பிறகு, இந்த ஈஸ்ட் எங்கிருந்து வந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, என் வகுப்பில் நடந்த ஒன்று திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது.

1985ஆம் வருஷம். பயிற்சி முடித்து வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஐந்தாம் வகுப்பில் அறிவியல் பாடம். "ஆப்ப மாவு ஏன் பொங்குது?" என்று கேட்டேன். நுண்ணுயிர் என்ற சொல்லை எதிர்பார்த்து நின்றேன். பின் வரிசையில் ஒரு பையன் எழுந்து, "கள்ளு ஊத்தினா பொங்கும் டீச்சர். எங்க பாட்டி ஊத்துவாங்க" என்றான். அப்பா பனையேறி. வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பேசுகிற பேச்சா இது என்று அந்த வகுப்பு முடியும்வரை வெளியே நிற்க வைத்தேன்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

எகிப்தில் மெகெத்ரே என்ற அதிகாரியின் கல்லறையில், சுமார் 4000 ஆண்டுகளுக்கு முந்தைய சின்னச் சின்ன மரப் பொம்மைகள் கிடைத்தன. அதில் ஒரு பொம்மைக் கட்டடத்தில் ரொட்டி சுடுகிறவர்களும் பீர் காய்ச்சுகிறவர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமானியரான பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதும்போது, கால் நாட்டாரும் ஐபீரியரும் பீரின் நுரையைப் போட்டு மாவைப் புளிக்க வைப்பதாகவும், அதனால் அவர்கள் ரொட்டி லேசாக இருப்பதாகவும் குறிப்பிடுகிறார். ஆக, ஈஸ்ட் பொட்டலம் வருவதற்கு முன்னால் பல தேசத்து ரொட்டிக்காரர்கள் மதுப் பானையைத்தான் நம்பியிருந்தார்கள். இல்லையென்றால் நேற்றைய மாவில் ஒரு பிடியை எடுத்து வைத்துக்கொள்வார்கள், நம் வீட்டில் தயிருக்கு உறை வைப்பதுபோல.

இதில் பாரிஸ் நகரத்துச் சண்டைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அங்கே பீர் நுரை போட்ட மெத்தென்ற ரொட்டிக்கு நல்ல கிராக்கி. அது உடம்புக்கு ஆகுமா என்று கேள்வி எழுந்து, 1668இல் மருத்துவப் பேராசிரியர்கள் கூடி விவாதித்தார்கள். பெரும்பான்மையோர் அந்த நுரை கெடுதல் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஜனங்கள் கேட்டால்தானே! மெத்தென்ற ரொட்டியை விட யாருக்கு மனசு வரும்? கடைசியில் 1670இல் பாரிஸ் உயர் மன்றம் அதற்கு அனுமதி கொடுத்தது.

அந்த நுரைக்குள் என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1680இல் ஹாலந்து துணி வியாபாரி லேவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாகப் பார்த்து, பீரில் சின்ன உருண்டைகள் மிதப்பதைக் கண்டார். அவை உயிருள்ளவை என்று அவருக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டு சும்மா போயிற்று. 1837 வாக்கில் பிரான்சில் கான்யார் லத்தூரும் ஜெர்மனியில் ஷ்வானும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலேயே, ஈஸ்ட் உயிருள்ளது, அது வளர்கிறது, சர்க்கரையைத் தின்றுதான் மது உண்டாக்குகிறது என்று சொன்னார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? கேலி. 1839இல், அந்தக் காலத்தின் மிகப் பெரிய வேதியியலாளர் லீபிக் நடத்திய பத்திரிகையிலேயே பெயர் போடாத ஒரு நையாண்டிக் கட்டுரை வந்தது. ஈஸ்ட் என்பது வாலை வடிவத்தில் உள்ள குட்டிப் பிராணி, சர்க்கரையைத் தின்று ஒரு பக்கம் சாராயமும் மறுபக்கம் வாயுவும் கழிக்கிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். எழுதியவர் வோலர், அவரும் பெரிய மேதைதான். பெரிய வகுப்பறையில் பெரிய ஆசிரியர்கள் இருவர் சேர்ந்து, சரியாகப் பதில் சொன்ன பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். 1857க்குப் பிறகு பாஸ்டர் வரிசையாகச் சோதனைகள் செய்து காட்டிய பிறகே அந்தச் சிரிப்பு அடங்கிற்று.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆஸ்திரியப் பேரரசிலிருந்து அமெரிக்கா போன ஃப்ளைஷ்மன் சகோதரர்கள் 1868இல் சின்சினாட்டியில் ஈஸ்டை அழுத்திக் கட்டியாக விற்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு வீட்டுப் பெண்கள் பீர் காய்ச்சும் இடத்துக்குச் சொம்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அந்தக் கட்டி சீக்கிரம் கெட்டுப்போகும். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்காக உலர்ந்த ஈஸ்ட் வந்தது. இன்று நம் அலமாரியில் இருக்கும் குருணை அதன் பேரப்பிள்ளை.

நம் பக்கத்துக்கு வருவோம். 1510இல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கீசியருக்கு ரொட்டி இல்லாமல் முடியாது. பூசைக்கும் கோதுமை அப்பம் வேண்டும். பீர் நுரைக்கு எங்கே போவார்கள்? கோவாவின் ரொட்டிக்காரர்கள் மாவில் ஊற்றியது தென்னங்கள். பல தலைமுறைகளுக்கு அங்கே ரொட்டி அப்படித்தான் உப்பியது. போர்த்துக்கீசியரின் ரொட்டிச் சொல்தான் பம்பாய்க்குப் போய் 'பாவ்' ஆயிற்று. இலங்கையில் இருக்கும் நம் சொந்தங்கள் 'பாண்' என்பதும் அதே சொல்தான். நம் ஊரில் ரொட்டி வெகுகாலம் காய்ச்சல்காரர் சாப்பாடாகவே இருந்தது. அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அரிசி மாவில் கள் ஊற்றினால் ஆப்பம், கோதுமை மாவில் ஊற்றினால் ரொட்டி. கோதுமையில் பிசைந்தால் இழுபடும் பசைத்தன்மை உண்டு, அது காற்றைப் பிடித்து வைக்கும். அரிசியில் அது இல்லாததால் காற்று வெளியேறி ஆப்பத்தில் கண் கண்ணாக விழுகிறது. கள்ளைப் பொங்கவைப்பதும், பீரைப் பொங்கவைப்பதும், நான் கடையில் வாங்கும் பொட்டலத்தில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே குடும்பத்து ஈஸ்ட்தான். மாவில் உண்டாகும் கொஞ்சம் சாராயமும் அடுப்புச் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிவிடும்.

1985இல் அந்தப் பையன் சொன்ன பதில் சரி. பாடப் புத்தகத்தில் இருந்ததைவிட அவன் பாட்டிக்கு அதிகம் தெரிந்திருந்தது. அன்றைக்குப் பிறகு வருஷம் முடியும்வரை அவன் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. அதை நான் கவனித்தேன், கவனித்தும் கூப்பிட்டுப் பேசவில்லை. பெயரை இங்கே எழுத மாட்டேன், அவனுக்குத் தெரியும். உங்களில் யாருக்காவது அவனோடு தொடர்பு இருந்தால் இந்தப் பதிவை அனுப்பிவையுங்கள்.

தம்பி, நீ இதைப் படித்தால் ஒரு வரி எழுது. அன்றைக்கு உன்னை வெளியே நிற்க வைத்தது என் தப்பு. உன் பாட்டி ஒரு படி அரிசிக்கு எவ்வளவு கள் ஊற்றுவார், எத்தனை மணி நேரம் வைப்பார் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.